அலகில் தண்ணீர் ஊற்றலாமா?

கேள்வி: புனே பாஷாணில் இரண்டாம் மாடி ஃப்ளாட்டில் இருக்கிறோம். ஹாலின் ஒரு பக்கம் முழுக்க ஸ்லைடிங் கண்ணாடி, எதிரே அரசமரம். போன ஞாயிறு காலை ‘டொப்’பென்று சத்தம். பால்கனியில் பச்சை நிறத்தில் ஒரு குருவி, நெற்றியில் குங்குமம் வைத்தாற்போல் சிவப்பு, தடித்த அலகு, அலகோரம் மீசை. கண் பாதி மூடிக் கிடந்தது. அத்தை சர்க்கரைத் தண்ணீர் புகட்டச் சொன்னார். வாட்ச்மேன் காகா, மேலே தூக்கிப் போட்டால் பறந்துவிடும் என்றார். நான் பயந்துபோய் இரண்டும் செய்யாமல் செருப்பு வாங்கிய அட்டைப்பெட்டியில் வைத்து மூடினேன். ஒன்றரை மணி நேரம் கழித்துத் திறந்ததும் பறந்துவிட்டது. செய்தது சரியா? இந்த வருஷம் இது மூன்றாவது குருவி. முதல் இரண்டும் செத்துவிட்டன.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, புனே

பதில்: நீங்கள் பயந்ததே அந்தக் குருவிக்கு நல்லதாகப் போயிற்று.

நீங்கள் சொல்லும் அடையாளத்தைப் பார்த்தால் அது செம்மார்புக் குக்குறுவான். உங்கள் ஊரில் ‘தாம்பட்’ என்பார்கள். கஸ்பா பேட்டில் தாம்பட் ஆளி என்று ஒரு தெரு உண்டே, பேஷ்வா காலத்திலிருந்து செம்புப் பாத்திரம் அடிக்கிற கன்னார்களின் தெரு, அதே பெயர்தான். மர உச்சியில் உட்கார்ந்து செம்பைத் தட்டுவதுபோல ‘டொங், டொங்’ என்று விடாமல் கூவுவதால் வந்த பெயர். அரசம்பழமும் ஆலம்பழமும் அதற்குச் சோறு. எதிரே அரசமரம் என்கிறீர்கள். அந்த மரம் உங்கள் கண்ணாடியிலும் தெரியும். குக்குறுவான் அந்த இரண்டாவது மரத்துக்குத்தான் பறந்தது.

சர்க்கரைத் தண்ணீருக்கு வருகிறேன். பறவையின் மூச்சுக்குழல் வாய், நாக்குக்குப் பின்னாலேயே இருக்கிறது. மயங்கிக் கிடப்பதற்கு விழுங்கத் தெம்பிருக்காது. ஊற்றுவது நுரையீரலுக்குள் போய்விடும். பிழைக்க வேண்டிய பறவை தண்ணீரால் செத்துப்போகும். அத்தையிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், நல்ல மனசோடு செய்கிற காரியம் என்பதால்தான் இந்தத் தவறு இவ்வளவு பரவலாக நடக்கிறது. தூக்கிப் போடுவதும் கூடாது. மோதியதில் மூளையில் வீக்கமோ ரத்தக்கசிவோ இருக்கலாம். சிறகு அசையாவிட்டால் இரண்டாம் மாடியிலிருந்து கல் மாதிரி விழும்.

இறுக்கிப் பிடிப்பதும் ஆபத்து. நமக்கிருப்பது போன்ற உதரவிதானம் பறவைக்குக் கிடையாது. மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. ஆகவே மெல்லிய பருத்தித் துணியை மேலே போர்த்தி, மார்பை அழுத்தாமல் அள்ளி எடுங்கள். பூத்துவாலை வேண்டாம், அதன் நூல் வளையங்களில் நகம் மாட்டும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டி, அடியில் பழைய வேட்டித்துணி, மூடி போட்டு இருட்டு. ஃபேன், ஏசி, டிவி, குழந்தைகள், பூனை எதுவும் இல்லாத அறை. இருட்டில் பறவை அமைதியாகும், படபடப்பு அடங்கும். அடிக்கடி திறந்து பார்க்கத் தோன்றும். அந்த ஆசையை அடக்குவதுதான் இதில் கஷ்டமான வேலை. பெட்டிக்குள் கீறுகிற சத்தம் கேட்டால் வெளியே, மரத்தடியில் கொண்டுபோய் மூடியைத் திறந்துவிட்டு நகர்ந்து நில்லுங்கள். வீட்டுக்குள் திறந்தால் மறுபடியும் கண்ணாடிக்குத்தான் பறக்கும். பொழுது சாய்ந்துவிட்டால் விடிகிறவரை பெட்டியிலேயே இருக்கட்டும்.

இரண்டு மணி நேரமாகியும் எழவில்லை, ஒரு சிறகு தொங்குகிறது, தலை ஒருபக்கம் சாய்கிறது, அலகில் ரத்தம், வாய் பிளந்து மூச்சு வாங்குகிறது என்றால் காத்திருக்காதீர்கள். பூனை வாய் வைத்திருந்தால் காயமே தெரியாவிட்டாலும் அவசரம்தான். மகாராஷ்டிர வனத்துறையின் ‘ஹலோ ஃபாரஸ்ட்’ எண் 1926. உங்களுக்குப் பக்கத்திலேயே பாவ்தனில், வனத்துறையோடு சேர்ந்து ரெஸ்க்யூ அறக்கட்டளை நடத்தும் வனவிலங்கு சிகிச்சை மையம் இருக்கிறது. ‘குணமாகிறவரை நாமே வளர்க்கலாமே’ என்று யாராவது சொன்னால், 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தரவில்லை.

இனி, நீங்கள் கேட்காமல் விட்ட கேள்வி. பறந்து போனது பிழைத்துவிட்டதா? நிச்சயமில்லை. உள்ளே ரத்தம் கசிந்துகொண்டே பறந்து, மறைவில் போய்ச் சாகிற பறவைகளும் உண்டு. அதனால் பெட்டியைவிடக் கண்ணாடி முக்கியம். அமெரிக்காவில் டேனியல் கிளெம் என்ற பறவையியலாளர் 1970-களிலிருந்து இதையே ஆராய்ந்து வருகிறார். அந்த நாட்டில் மட்டும் கட்டடங்களில் மோதி ஆண்டுக்கு 36 கோடி முதல் 99 கோடி வரை பறவைகள் சாவதாக 2014-இல் வெளியான வேறொரு ஆய்வு கணக்கிட்டது. சிகாகோவின் மெக்கார்மிக் பிளேஸ் அரங்கில் 2023 அக்டோபர் 5 அன்று ஒரே நாளில் ஆயிரத்துக்கு நெருக்கமாகச் செத்து விழுந்தன. மறு வருஷம் கண்ணாடி முழுக்கச் சின்னச் சின்னப் புள்ளிகள் ஒட்டினார்கள். சாவு பெருமளவு குறைந்துவிட்டது.

கடைகளில் விற்கிற பருந்துப் படம் ஒன்றை ஒட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். பறவை அதைச் சுற்றிக்கொண்டு பக்கத்து வெற்றிடத்தில் மோதும். புள்ளிகளுக்கு நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் இடைவெளி விடக்கூடாது. கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் வைக்க வேண்டும். உள்பக்கம் வைத்தால் பிரதிபலிப்பு அதை மறைத்துவிடும். உங்கள் ஊர் பால்கனிகளில் கட்டுகிற புறா வலையும் உதவும், விறைப்பாக, கண்ணாடியிலிருந்து தள்ளிக் கட்டியிருந்தால். தொய்ந்த வலை இன்னொரு பொறி.

ஜூனுக்கு முன்னால் செய்துவிடுங்கள். முதல் மழையை ஒட்டி ஆறுமணிக்குருவிகள் தெற்கிலிருந்து இரவோடு இரவாகப் பறந்து உங்கள் பக்கம் முட்டையிட வரும். மராட்டியர்கள் ‘நவரங்’ என்று கொண்டாடும் பறவை. களைத்து வருவது கண்ணாடியில் அடிபடக்கூடாது.

உங்களுடையது ஸ்லைடிங் கதவு, பால்கனியில் நின்றே கை எட்டும். மழைக்குக் கரையாத வெள்ளை கிளாஸ் பெயிண்ட் ஒரு டப்பா போதும். இரண்டு அங்குலத்துக்கு ஒரு புள்ளி, வரிசை பிசகாமல் வைக்க அளவுகோல் தேவைப்படாத கை உங்கள் வீட்டிலேயே இருக்குமே. அத்தையைக் கூப்பிடுங்கள். சிக்குக் கோலமெல்லாம் வேண்டாம், வெறும் புள்ளி போதும் என்று மட்டும் சொல்லிவிடுங்கள்.