குளித்த நீரும் குடிநீர்ப் பங்கீடும்

மும்பை மாநகரின் குடிநீர் ஏழு ஏரிகளிலிருந்து கிடைக்கின்றது. அவற்றுள் விகார், துளசி ஆகிய இரண்டு மட்டுமே நகர எல்லைக்குள் அமைந்தவை. தான்சா, மோடக் சாகர், மேல் வைதரணா, நடு வைதரணா, பாத்சா ஆகிய ஐந்தும் தொலைவில், வெளி மாவட்டங்களில் உள்ளன. நாள்தோறும் சுமார் 385 கோடி லிட்டர் நீர் நகருக்கு வழங்கப்படுகின்றது. தேவையோ இதனினும் மிகுதி. 2023, 2024 ஆம் ஆண்டுகளில் 10 சதவீத நீர்க்குறைப்பைச் செயற்படுத்த நேர்ந்தது.

பற்றாக்குறையை ஈடுசெய்ய மேலும் அணைகள் கட்டுவது ஒரு வழி. பால்கர் மாவட்டத்தில் திட்டமிடப்பட்டுள்ள கார்கை அணை நாள்தோறும் 44 கோடி லிட்டர் தரக்கூடியது. ஆயினும் அதற்குக் காட்டு நிலமும் சிற்றூர்களும் விலையாக வேண்டும். நகருக்கு நீர் தரும் ஷாஹாபூர் வட்டத்திலேயே பல சிற்றூர்கள் கோடையில் லாரித் தண்ணீரை எதிர்பார்த்து நிற்கின்றன. ஆகவே, நகரின் வீடுகளுக்குள் ஏற்கெனவே வந்து சேர்ந்த நீரை இருமுறை பயன்படுத்த இயலுமா என்பது ஆராயத்தக்கது.

எவ்வளவு நீர்?

குளியல், துணி துவைத்தல், பாத்திரம் கழுவுதல் ஆகியவற்றால் வெளியேறும், மலக்கழிவு கலவாத நீரைச் ‘சாம்பல் நீர்’ என்பர். நம் ஊர்களில் கிணற்றடியில் குளித்த நீர் வாழைக்கும் தென்னைக்கும் பாய்வது பழைய வழக்கமே. நகரங்களுக்கென வகுக்கப்பட்ட கணக்கின்படி, ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் நீர் தேவை. இதில் குளியலுக்கு 55, துணி துவைக்க 20, கழிவறைக்கு 30, பாத்திரம் கழுவ 10, வீடு கழுவ 10, சமையலுக்கும் குடிப்பதற்கும் ஐந்தைந்து லிட்டர் எனப் பிரிப்பர். குளித்த நீரையும் துவைத்த நீரையும் மட்டும் சேர்த்தாலே தலைக்கு 75 லிட்டர் ஆகின்றது. ஐவர் கொண்ட குடும்பத்தில் இது 375 லிட்டர். வறண்ட மாதங்களில் தோட்டத்திற்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் எனக் கொண்டால், 75 சதுர மீட்டர் பரப்பை இந்நீரால் வளர்க்கலாம்.

மாதுங்காவும் செம்பூரும்

மரங்களும் பூங்காக்களும் அமைந்த மாதுங்கா, செம்பூர்ப் பகுதிகளின் குடியிருப்புகள் இம்முறைக்கு ஏற்றவை. பழைய கட்டடங்கள் பலவற்றில் கழிவறைக்கு ஒரு குழாயும் குளியலறைக்கு மற்றொரு குழாயும் தனித்தனியே இறங்குவதுண்டு. அத்தகைய இடங்களில் சுவரை இடிக்காமலே குளியல் நீரைத் தோட்டத்தின் பக்கம் திருப்பலாம். அந்நீர் முதலில் வண்டல் படியும் சிறு தொட்டியிலும், பின்னர்ச் சரளையும் மணலும் நிரப்பிய, கல்வாழை நட்ட பாத்தியிலும் கடந்து செல்ல வேண்டும்.

சில விதிகள் இன்றியமையாதவை. இந்நீரை ஒரு நாளுக்கு மேல் தேக்கினால் அழுகி நாற்றமெடுக்கும். இலைகளின்மீது தெளித்தலாகாது, வேர்ப்பகுதியில், சருகு மூடிய மண்ணுக்கு அடியில் விடுதல் வேண்டும். பச்சையாக உண்ணும் கீரைகளுக்குப் பயன்படுத்துதல் கூடாது. எண்ணெய்ப் பசை கொண்ட சமையலறை நீரையும், குழந்தைகளின் மலத்துணி அலசிய நீரையும் விலக்குதல் நலம். சலவைத் தூளிலுள்ள சோடியம் மண்ணை இறுகச் செய்யும். எனவே சலவைத் தூளின் அளவைக் குறைப்பதுடன், இடையிடையே நல்ல நீரும் பாய்ச்ச வேண்டும். மும்பையில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரை பெய்துவிடுகின்றது. அக்காலத்தில் நீரைச் சாக்கடைக்கே திருப்பிவிடும் அடைப்பான் தேவை.

தோட்டத்தால் மட்டும் எல்லா நீரையும் ஏற்க இயலாது. 80 பேர் வாழும் கட்டடத்தில் நாளொன்றுக்கு 6,000 லிட்டர் கிடைக்கும். அதற்கு 1,200 சதுர மீட்டர் தோட்டம் வேண்டும். எஞ்சிய நீரை வடிகட்டிக் கிருமி நீக்கி, கழிவறைக்கு அளிக்கலாம். செம்பூர்ப் பகுதியிலுள்ள இராஷ்டிரிய இரசாயன உரத் தொழிற்சாலை, நகரின் சாக்கடை நீரையே தூய்மைப்படுத்தித் தன் ஆலைக்குப் பயன்படுத்தி வருவது இங்கு நினைவுகூரத்தக்கது.

தாராவியின் நிலை

இதே அறிவுரையைத் தாராவிக்கு வழங்குவது பொருந்தாது. மும்பையில் நீண்டகாலம் குடிசைப் பகுதிகளுக்கு வகுக்கப்பட்ட அளவு தலைக்கு 45 லிட்டர். இது மேற்கண்ட கணக்கில் குளியலுக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட நீரினும் குறைவு. குழாயில் சில மணி நேரமே நீர் வரும் வீடுகளில், துணி அலசிய நீர் தரையைக் கழுவவும் கழிவறைக்கும் பயன்படுவது இயல்பு. தகர டப்பாவில் வளரும் துளசிக்கும் கறிவேப்பிலைக்கும் அரிசி கழுவிய நீரே போதும். சிக்கனத்தை அங்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. அங்குத் தேவைப்படுவன போதிய குடிநீரும் மூடிய வடிகால்களுமே. 2023 ஜனவரியில் அடிக்கல் நாட்டப்பட்ட ஏழு கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையங்களுள் தாராவி நிலையம் நாளொன்றுக்கு 41.8 கோடி லிட்டர் திறன் கொண்டதாகத் திட்டமிடப்பட்டது.

மிச்சமாகும் நீர் யாருக்கு?

சாம்பல் நீரின் மறுபயன்பாட்டை இங்கிருந்தே மதிப்பிட வேண்டும். பத்து இலட்சம் பேர் கழிவறைக்கு நன்னீருக்குப் பதிலாக இந்நீரைக் கொண்டால், நாள்தோறும் 3 கோடி லிட்டர் மிச்சமாகும். அந்நீர், 45 லிட்டர் பெறும் மற்றொரு பத்து இலட்சம் பேரின் பங்கை 75 லிட்டராக உயர்த்தப் போதுமானது. ஆனால் இது தானே நிகழ்வதன்று. மிச்சமாகும் நீர் அதே கட்டடத்தில் கார் கழுவவும் புல்வெளி விரிக்கவும் செலவானால், சமூகத்திற்கு ஆதாயம் எதுவுமில்லை. ஆயிரம் லிட்டருக்குச் சில ரூபாயே கட்டணமாக இருக்கும் நிலையில், சிக்கனத்திற்கான தூண்டுதலும் குறைவு. ஆகவே கட்டடந்தோறும் சரியான நீர்மானி, அளவு மிஞ்சினால் உயரும் கட்டணம், மிச்சமான நீரைப் பற்றாக்குறைப் பகுதிக்குத் திருப்பும் குழாய் அமைப்பு ஆகிய மூன்றும் உடன் வர வேண்டும்.

நீர் பெறும் உரிமை அரசியல் சட்டத்தின் 21 ஆம் விதி அளிக்கும் வாழ்வுரிமையின் பகுதியே என்று பம்பாய் உயர் நீதிமன்றம் 2014 டிசம்பரில் கூறியது. அவ்வுரிமையை நிறைவேற்றப் புதிய அணைகளுக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. நிறையப் பெறுவோர் தாம் பெற்றதை இருமுறை பயன்படுத்தவும், அதனால் மிஞ்சுவதை நிருவாகம் குறையப் பெறுவோருக்குக் கொண்டு சேர்க்கவும் முன்வந்தால், நகருக்குள்ளேயே ஒரு புதிய நீர்வளம் உருவாகும்.