178 பேர் விலை

நம்பிக்கைகளும் உண்மைகளும்

2025 செப்டம்பர் 19ஆம் திகதி ஐபோன் 17 விற்பனைக்கு வந்தது. மும்பையில் கடை வாசலில் தள்ளுமுள்ளு. காவலாளிகள் புகுந்து ஆட்களை இழுத்துவிடும் காணொளி எங்கள் பக்கத்துத் தோட்டங்களின் வட்ஸ்அப் குழுக்களுக்கும் சுடச்சுட வந்து சேர்ந்தது. அடுத்த நாள் எட்டியாந்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் இரண்டு பொடியன்கள் அதைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பார்த்துக்கொண்டிருந்த போனின் கண்ணாடி மூன்றாக வெடித்திருந்தது. மேலே செலோடேப்.

"வரிசைய பாத்தியா மச்சான், இந்தத் தடவ சரியான ஓட்டம் ஓடும்."

"ஓடட்டும். இது எறங்குனா பழசெல்லாம் பாதி வெலைக்கு வந்துரும். தீவாளிக்குப் பாரேன்."

பஸ் வந்தது, ஏறிப் போய்விட்டார்கள். அந்த இரண்டு பேச்சையும் இந்தப் பத்திக்கு நான் எடுத்துக்கொண்டேன். எங்கள் ஊர்களில் புதுப்போனைப் பற்றிப் புழங்கும் நம்பிக்கைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும்தான்.

முதலாவது, வரிசை நீண்டால் விற்பனை அமோகம் என்ற நம்பிக்கை.

விடியற்காலையில் பாட்டுப் போட்டுக்கொண்டு லயத்துக்கு வரும் சூன் பாண் முச்சக்கரவண்டியை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் பத்து மீன் பணிஸ் மட்டும் கொண்டுவந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். பின்னால் வந்தவர்கள் "சே, முடிஞ்சிருச்சே" என்று திரும்புவார்கள். தோட்டமே மீன் பணிஸ் சாப்பிட்டது என்று அதற்கு அர்த்தமா? அவர் பத்துத்தான் கொண்டுவந்தார், அவ்வளவுதான்.

போன் கம்பனிகளும் இதே வண்டியைத்தான் ஓட்டுகின்றன. 2014இல் ஷாவோமி இந்தியாவுக்குள் நுழைந்தபோது ஃப்ளிப்கார்ட்டில் குறித்த நேரத்துக்குத் திறந்து குறித்த தொகையை மட்டும் விற்றார்கள். அந்த செப்டம்பரில் 40,000 ரெட்மி போன்கள் ஐந்து விநாடிக்குள் தீர்ந்தன. எல்லோருக்கும் அந்த ஐந்து விநாடிதான் நினைவிருக்கிறது. நூறு கோடிக்கு மேல் சனம் உள்ள நாட்டில் 40,000 எவ்வளவு என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2016 பெப்ரவரியில் இந்தியாவில் 251 இந்திய ரூபாவுக்கு ஒரு ஸ்மார்ட் போன் தருவதாக விளம்பரம் வந்தது. ஃப்ரீடம் 251 என்று பெயர். இணையத்தளம் முதல் நாளே படுத்துவிட்டது. ஏழு கோடிக்கு மேல் பதிவுகள் என்று கம்பனி சொன்னது. போன் கையில் கிடைத்தவர்கள் அதில் ஒரு துளி. பதிவு வேறு, விற்பனை வேறு.

அப்பிள் கணக்கு இன்னும் சுவாரசியமானது. 2012இல் ஐபோன் 5 மூன்றே நாளில் 50 இலட்சத்துக்கு மேல் விற்றது. அந்தச் செய்தி வந்த நாளில் அப்பிளின் பங்கு விலை ஏறவில்லை, இறங்கியது. ஆய்வாளர்கள் அதைவிட அதிகம் எதிர்பார்த்திருந்தார்களாம். போன் ஒரு சரக்கு என்றால் எதிர்பார்ப்பு இன்னொரு சரக்கு. பங்குச் சந்தையில் அன்று விலைபோனது இரண்டாவது சரக்கு. 2014இல் ஐபோன் 6 முதல் வார இறுதியில் ஒரு கோடி, அடுத்த ஆண்டு 6எஸ் ஒரு கோடி முப்பது இலட்சம். சாதனைதான். ஆனால் 2014இன் முதல் வார இறுதியில் சீனா இல்லை, 2015இல் இருந்தது. கூட்டம் பெருகியதா, வண்டி போகும் தெரு நீண்டதா என்று அந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது.

அந்தச் சாதனைக்குப் பிறகு என்ன நடந்தது? 2015 நிதியாண்டில் 23 கோடி 12 இலட்சம் ஐபோன் விற்றிருந்தது. 2016 நிதியாண்டில் அது 21 கோடி 19 இலட்சம். ஐபோன் வந்த நாள் முதல் ஆண்டு விற்பனை விழுந்தது அதுவே முதல் தடவை. எல்லாவற்றிலும் நீண்ட வரிசைக்கு அடுத்த வருடம்! 2016 செப்டம்பரில் முதல் வார இறுதிக் கணக்கைச் சொல்வதையே அப்பிள் நிறுத்திவிட்டது. ஆரம்ப விற்பனையைத் தீர்மானிப்பது கையிருப்பே தவிர வாங்குபவரின் ஆசை அல்ல என்று அவர்களே காரணமும் சொன்னார்கள். 2018 நவம்பரில், இனி எத்தனை போன் விற்றது என்ற எண்ணையே வெளியிடப் போவதில்லை என்று அறிவித்தார்கள். ஆக, எட்டியாந்தோட்டை பஸ் தரிப்பிடத்தில் நின்று "சரியான ஓட்டம்" என்று சொன்ன பொடியன், விற்பவனே கைவிட்டுவிட்ட அளவுகோலைக் கையில் வைத்திருக்கிறான்.

இரண்டாவது பொடியனின் பேச்சுக்கு வருவோம். புதுசு வந்தால் பழசு இறங்கும்.

அமெரிக்காவில் இது பொய்யில்லை. புது மாடல் வந்ததும் போன வருடத்து மாடலில் 100 டொலர் குறைப்பது அப்பிளின் பழைய பழக்கம். ஆனால் நம்முடைய போனுக்கு விலை போடுவது அமெரிக்கக் கடை மட்டுமல்ல. டொலரும் வரியும் பக்கத்தில் உட்கார்ந்து விலை போடுகின்றன.

2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 இலங்கை ரூபாவை ஒட்டியிருந்தது. மே மாதத்தில் 360. 200 டொலர் போன் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். டொலர் 203 என்றால் 40,600 ரூபா. 360 என்றால் 72,000. கடை லாபம், வரி எதுவும் சேர்க்காத வெறும் பெருக்கல் இது. அப்போது தோட்டத்தில் நாட்சம்பளம் 1000 ரூபா. மார்ச் தொடக்கத்தில் 41 பேர் விலையாக இருந்த போன் மே மாதத்தில் 72 பேர் விலை. (தோட்டத்துக்கு வெளியே இருந்து வாசிப்பவர்களுக்கு: எங்கள் கணக்கில் "பேர்" என்பது ஆள் அல்ல, ஒரு நாள் வேலை. வேலை பிரிக்கும் காலைப் பெரட்டில் பெயர் போட்டு, கொழுந்தோ ரப்பர் பாலோ நிறை காட்டினால் ஒரு பேர். குறைந்தால் அரைப்பேர்.) "கொஞ்சம் பொறு, புதுசு வந்தா எறங்கும்" என்று அந்த வருடம் பொறுத்திருந்தவர்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும். பிறகு 2024 ஜனவரி முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 18 வீதமானது, அதுவரை விலக்கில் இருந்த கையடக்கத் தொலைபேசியும் அந்த வரிக்குள் வந்தது. கலிபோர்னியாவில் எந்த மாடல் மேடையேறினாலும் இந்த இரண்டையும் அது இறக்கப்போவதில்லை.

அதே கணக்கில் ஐபோன் 17ஐயும் நிறுத்துப் பார்த்தேன். அமெரிக்க விலை 799 டொலர். டொலர் 300 ரூபா என்று வைத்தால் 2,39,700. 2024 செப்டம்பரில் வர்த்தமானியில் வந்த நாட்சம்பளம் 1350 ரூபா. வகுத்தால் 178 பேர், அதுவும் வரிக்கு முன். மாதம் 25 நாளும் முழுப்பேர் விழுந்து, ஒரு சதமும் சாப்பாட்டுக்குச் செலவழிக்காமல் இருந்தால் ஏழு மாதம். கேகாலைப் பக்கத்து ரப்பர் மலைகளில் 25 பேர் என்பதே கனவு. மழையோடு விடிந்தால் மரம் நனைந்திருக்கும், அன்றைக்குப் பால்வெட்டு இல்லை.

யாரும் வாங்கக் கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. வாங்குகிறவர்கள் சீட்டுக் கட்டி, தீபாவளி முற்பணம் எடுத்து, தோட்டை அடகு வைத்து வாங்குகிறார்கள். அது அவரவர் பாடு. கடைப் பலகையில் பெரிதாக எழுதியிருக்கும் "வட்டியில்லாத் தவணை" மட்டும் பெரும்பாலும் கடனட்டை வைத்திருப்பவருக்கானது. கடைக்குள் போய் அரை மணி நேரம் நின்ற பிறகுதான் அது தெரியவரும்.

இங்கே இன்னொரு நம்பிக்கை குறுக்கே வருகிறது. தோட்டத்தை மேலே நின்று பார்ப்பவர்களின் நம்பிக்கை. "சோத்துக்கு இல்லாட்டியும் கையில டச் போன், எல்லாம் பெருமைக்கு." இதைச் சொல்பவர்கள் 2020 மார்ச்சை மறந்துவிட்டார்கள். பள்ளிக்கூடங்களை மூடினார்கள், பாடம் வட்ஸ்அப்புக்கு ஏறியது. பட்டன் போன் வைத்திருந்த வீட்டுப் பிள்ளைக்கு அன்றைக்குப் பள்ளிக்கூடமே இல்லை. மூன்று பிள்ளைகளுக்கு ஒரு போன், அந்தப் போனுக்கும் லயத்தில் கவரேஜ் இல்லை. மலை உச்சிப் பாறையில் குடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் பாடத்தை இறக்கிய பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அம்மா குவைத்தில், பிள்ளை ஆத்தாவிடம். இருவரும் முகம் பார்ப்பது இமோவில் மட்டும். அந்த லயக் காம்பிராவில் டச் போனைப் பெருமை என்று சொல்ல எனக்கு வாய் வராது.

வெளிநாட்டிலிருந்து வந்த போனென்றால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்பதும் பழங்கதையாகிவிட்டது. 2025 ஜனவரி 28க்குப் பிறகு, தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் பதிவில்லாத புதுக் கருவிகளுக்கு உள்ளூர் வலையமைப்பு கிடைக்காது. அதற்கு முன்பே இங்கே பாவனையில் இருந்தவற்றுக்குப் பிரச்சினை இல்லை. பார்ப்பது சுலபம். *#06# அழுத்தினால் 15 இலக்கம் வரும். ஆங்கிலத்தில் ஐ.எம்.இ.ஐ. என்ற நாலு எழுத்தை அடித்து, ஓர் இடம் விட்டு, அந்த இலக்கத்தைப் போட்டு 1909க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் பதில் வரும். காசை எண்ணிக் கொடுப்பதற்கு முன் செய்யவேண்டியது இது. இரத்தினபுரியில் ஒரு சின்னக் கல்லை வாங்குவதற்கு நாலு பேர் கைமாற்றி, வெயிலில் தூக்கிப் பிடித்து, டோர்ச் அடித்துப் பார்க்கிறோம். போனை மட்டும் பெட்டியின் படத்தைப் பார்த்து வாங்குகிறோம்.

5ஜி போன் வாங்கினால் லயத்திலும் வேகமாக இருக்குமா? கோபுரத்தில் 5ஜி இல்லாவிட்டால் அதுவும் 4ஜி போன்தான். 4ஜியும் எட்டாத பள்ளத்தில் அது நல்ல கெமரா.

கடைசியாக, எனக்குப் பிடித்த நம்பிக்கை. பேர்பெற்ற போன், மேடை போட்டு இறக்கிய போன், அதுதான் அதிகம் விற்ற போன் என்கிறார்கள்.

2003இல் நொக்கியா 1100 வந்தது. அதற்கு யாரும் இரவில் வரிசையில் படுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. கெமரா இல்லை, வர்ணத் திரை இல்லை. தூசி புகாத பொத்தான்பலகை, ஈரக் கையிலும் வழுக்காத ஓரம், தலையில் ஒரு சின்ன டோர்ச். நம்மைப் போன்ற நாடுகளை நினைத்தே செய்த போன் அது. மொத்தம் 25 கோடி விற்றது. எந்த ஐபோனின் எந்த மாடலும் தனியாக அந்த எண்ணைத் தொட்டதில்லை. எங்கள் பெரியப்பா ரப்பர் மலையில் பால் வெட்டியவர். விடிய நாலரைக்கு அந்த டோர்ச்சை அடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் இறங்குவார். அட்டை, பாம்பு, வழுக்குப்பாறை எல்லாம் அந்த வட்ட வெளிச்சத்துக்குள் வந்துபோகும். அவருக்குப் போன் வந்தது மாதத்தில் இரண்டு தடவை. டோர்ச் அடித்தது நாள்தோறும். "பேசுற லைட்டு" என்றுதான் அதைச் சொல்வார்.

எங்கள் பக்கத்தில் புதுப்போன் வெளியீடு என்றால் அது செப்டம்பரில் நடப்பதில்லை. கொழும்பில் புறக்கோட்டைக் கடைகளில் நிற்கும் பொடியன்கள் தீபாவளிக்கு ஊருக்கு வரும்போது நடக்கிறது. 2025 தீபாவளி ஒக்டோபர் 20. அதற்கு முந்தின இரவு, பக்கத்துக் காம்பிராவில் மகன் வந்து இறங்கினான். அவன் கையில் புதுசு, ஐபோன் இல்லை, நடுத்தர விலையில் ஏதோ ஒன்று. அவனுடைய பழசு தங்கச்சிக்கு. தங்கச்சியின் பழசு, மூலையில் கீறல் விழுந்தது, அம்மாவுக்கு. ஒரு புதுப்போனுக்கு ஒரே காம்பிராவில் மூன்று வெளியீடு. இது எந்த ஆய்வாளரின் கணக்கிலும் ஏறாது.

தங்கச்சி கெமராவைத் திறந்து தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மா தனக்கு வந்ததை முந்தானையால் துடைத்து, முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு மகனிடம் நீட்டினார்.

"இதுல லைட்டு எங்கப்பா இருக்கு?"

அவன் திரையை மேலிருந்து கீழே இழுத்து ஓரிடத்தில் தட்டினான். புகை படிந்த கூரைத் தகரத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் விழுந்தது. அம்மா அதை வாங்கி, தானாக ஒருமுறை அணைத்து, ஒருமுறை போட்டுப் பார்த்துக்கொண்டார்.