தாளை உரிக்காதீர்கள், ஊறவிடுங்கள்

கேள்வி: எங்கள் வீட்டில் பட்டுத் தறி ஓடுகிறது. தார் சுற்றும் 12 வோல்ட் மோட்டாரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க, 555 ஐசியும் ஒரு மாஸ்ஃபெட்டும் வைத்து சர்க்யூட் போட்டேன். பிரெட்போர்டில் நன்றாக ஓடியது. லேசர் பிரின்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் தேய்த்துப் பிசிபி செய்தால்தான் சிக்கல். தாளை உரிக்கும்போது பாதிக் கோடு அதோடு வந்துவிடுகிறது. மிச்சமும் ஃபெர்ரிக் குளோரைடில் அங்கங்கே அரித்துப்போகிறது. என்ன தவறு? மீந்த கரைசலைச் சாக்கடையில் ஊற்றலாமா?
– வாசகர், பிள்ளையார்பாளையம், காஞ்சிபுரம்

பதில்: 'உரிக்கும்போது' என்று எழுதியிருக்கிறீர்களே, கோளாறில் பாதி அங்கேதான் இருக்கிறது. தாளை உரிக்கவே கூடாது. தேய்த்து முடித்ததும் பலகை தானாக ஆறட்டும். பிறகு இரண்டு சொட்டு சோப்பு விட்ட வெதுவெதுப்பான தண்ணீரில் போட்டுவிட்டு வேறு வேலை பாருங்கள். தாள் கூழாக ஊறியபின் கட்டைவிரலால் மெல்லத் தேய்த்தால் திரிதிரியாக வந்துவிடும். கோட்டின் மேல் கொஞ்சம் வெள்ளை நார் ஒட்டியிருந்தால் பாதகமில்லை. இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கக் கூடாது. இருந்தால் அந்த இடத்துச் செம்பு கரையாமல் நின்று ஷார்ட் ஆகும். பழைய பல்துலக்கியால் எடுத்துவிடுங்கள்.

மறுபாதி, செம்பின் சுத்தம். பசை போக வேகவைக்காத பட்டில் சாயம் சரியாக ஏறாது என்பது உங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கைரேகை எண்ணெய் படிந்த செம்பில் டோனரும் அப்படித்தான் ஏறாது. 600 நம்பர் உப்புத்தாளால் நனைத்துத் தேய்த்து, அசிட்டோனால் துடையுங்கள். மேலே தண்ணீர் விட்டுப் பாருங்கள். முத்து முத்தாகத் திரளாமல் ஒரே படலமாகப் பரவினால் பலகை தயார். அதன்பின் விளிம்பை மட்டுமே பிடிக்க வேண்டும்.

டோனர் என்பது சூட்டில் இளகும் பிளாஸ்டிக் தூள். பிரின்டரில் டோனர் சேமிக்கும் வசதியை அணைத்துவிட்டு, அடர்த்தியாக, பளபளப்பான பத்திரிகைத் தாளில் எடுங்கள். இஸ்திரிப் பெட்டியைக் காட்டன் அளவில், நீராவி இல்லாமல் வையுங்கள். இழுத்துத் தேய்க்காமல் அழுத்திப் பிடியுங்கள். கோடுகள் முதலில் விட்டுப்போவது ஓரங்களில்தான். அங்கே பெட்டியின் முனையால் அழுத்துங்கள். ஊசித்துளைகளை அழியாத மார்க்கரால் மூடலாம். மோட்டாருக்குப் போகும் கோடு 3 மி.மீ. அகலமாவது இருக்கட்டும்.

வழக்கமான பலகையில் செம்பின் கனம் 35 மைக்ரான்தான். கரைசல் 40 டிகிரி வெதுவெதுப்பில், தட்டை ஆட்டிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் கரையும். கடைசிச் செம்பு மறைந்ததும் வெளியே எடுங்கள். மேலும் விட்டால் டோனருக்கு அடியிலும் அரிக்கும். பிளாஸ்டிக் தட்டுதான் சரி. அலுமினியப் பாத்திரம் கூடவே கூடாது, கொதித்துப் பொங்கும்.

இதைத் தறி இருக்கும் அறையில் செய்யாதீர்கள். ஃபெர்ரிக் குளோரைடு ஒரு சொட்டு பாவில் தெறித்தால் துருக்கறை போகாது. சரிகையின் வெள்ளியையும் அது தாக்கும். அதன் ஆவி பட்டால் இரும்புச் சாமான் துருப்பிடிக்கும். மொட்டைமாடியில், கையுறையும் கண்ணாடியும் போட்டுச் செய்யுங்கள்.

சாக்கடையில் ஊற்றவே ஊற்றாதீர்கள். கரைந்த செம்பு மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் நஞ்சு. உங்கள் ஊர் வேகவதி ஆறு பட்டபாடு போதும். முதலில், கரைசலைத் தூக்கிப் போட அவசரமே இல்லை. மூடி போட்ட பிளாஸ்டிக் புட்டியில் வைத்துப் பலமுறை பயன்படுத்தலாம். கரும்பச்சையாகி வேலையே நடக்காதபோது, பெரிய பக்கெட்டில் வைத்துச் சலவைச் சோடாவைச் சிறிது சிறிதாகச் சேருங்கள், நுரைக்கும். நுரை நின்றபின் இரும்பும் செம்பும் சேறாக அடியில் படியும். அந்தச் சேற்றை உலர்த்தி, புட்டியில் அடைத்துப் பெயர் எழுதி, அபாயக் கழிவு வாங்குமிடத்தில் கொடுங்கள். உங்கள் ஊரிலோ பக்கத்திலோ கல்லூரி வேதியியல் ஆய்வகம் இருந்தால், அவர்களிடம் கேட்டால் வழி சொல்வார்கள்.

துளையிடும்போது முகக்கவசம் போடுங்கள். கண்ணாடி இழைத் தூள் நுரையீரலுக்கு ஆகாது. மோட்டாரின் இரண்டு முனைக்கும் குறுக்கே ஒரு 1N4007 டையோடு தலைகீழாகப் போட மறக்காதீர்கள். இல்லையென்றால் மாஸ்ஃபெட் போய்விடும். 230 வோல்ட்டை இந்தப் பலகைக்குக் கொண்டுவர வேண்டாம், கடையில் வாங்கிய 12 வோல்ட் அடாப்டரே போதும். அதைச் செருகுமுன் மல்டிமீட்டரால் ஒவ்வொரு கோட்டையும் தொட்டுப் பாருங்கள்.