கரடி ஏன் ஊனுண்ணி?

கேள்வி: கரடி பழமும் தேனும் தின்கிறது. பாண்டாவுக்கு மூங்கில்தான் சாப்பாடு. இவற்றை ஏன் புலியோடு சேர்த்து ஊனுண்ணி வரிசையில் வைக்கிறார்கள்?

பதில்: அந்த வரிசை வம்சாவளியைப் பார்த்து வகுக்கப்பட்டது, இன்று எது என்ன தின்கிறது என்பது இரண்டாம்பட்சம். மீன் தின்று வாழும் டால்பின் அதில் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

முக்கிய அடையாளம் பல். உங்கள் வீட்டுப் பூனை கொட்டாவி விடும்போது வாயின் பக்கவாட்டில் பாருங்கள். மேலே கடைசி முன்கடைவாய்ப்பல், கீழே முதல் கடைவாய்ப்பல். இரண்டும் கத்தரிக்கோல் போல உரசி இறைச்சியை நறுக்கும். பூனை எலும்பைத் தலை சாய்த்துக் கடிப்பது இதனால்தான். இந்த ஜோடிப் பற்கள் பொது மூதாதையிடமிருந்து வந்தவை. கரடி, பாண்டாவின் வாயிலும் அவை உண்டு, அரைப்பதற்கேற்பத் தட்டையாகிவிட்டன. பாண்டாவின் குடலோ இன்னும் இறைச்சி தின்னியின் குட்டைக் குடல்தான். மூங்கிலில் பெரும்பகுதி செரிக்காமலே வெளியேறுவதால், நாளில் பாதி நேரம் மென்றுகொண்டே இருக்கிறது.

நம் காடுகளின் கரடி இன்னும் அற்புதம். அதற்கு மேல்வரிசையில் நடு வெட்டுப்பற்கள் இரண்டும் இல்லை. புற்றைப் பிளந்து, மூக்குத்துளைகளை மூடிக்கொண்டு, அந்த இடைவெளி வழியே கரையானை உறிஞ்சுகிறது. அந்தச் சத்தம் வெகுதூரம் கேட்கும்.

வரிசைக்குள் இரண்டு பெரும் கிளைகள். பூனைக் கிளையில் புலி, கீரி, புனுகுப்பூனை. நாய்க் கிளையில் ஓநாய், கரடி, நீர்நாய், சீல். நாயைப் போலவே தோன்றும் கழுதைப்புலி பூனைக் கிளையைச் சேர்ந்தது. அதன் நெருங்கிய உறவு கீரிதான்.