மோட்டார் ரூமுக்கு எலெக்ட்ரீஷியன் வருமுன்

டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஆள் கிடைப்பதே பாடு. வந்தவர் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ரிலே வாங்கிட்டு நாளைக்கு வர்றேங்க" என்று கிளம்பினால், இன்னொரு நாள் வாழை காயும்.

செய்ய வேண்டியவை

• போனிலேயே விவரம் சொல்லுங்கள்: எத்தனை ஹெச்.பி., கிணற்று மோட்டாரா போர் மோட்டாரா, எத்தனை அடி ஆழம், கடைசியாகக் காயில் கட்டியது எப்போது. மோட்டார், ஸ்டார்ட்டர் மேலுள்ள தகடுகளைப் படமெடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள்.

• மும்முனை மின்சாரம் வரும் நேரத்தைக் கேட்டு வையுங்கள். ஓட்டிப் பார்க்காமல் அவரை அனுப்பக்கூடாது.

• எர்த் குழி எங்கே என்று தேடி வையுங்கள். எங்கள் தோட்டத்தில் புல் மூடி இடமே மறந்துபோயிருந்தது. செதுக்கிப் பார்த்தால் எர்த் கம்பி துருவேறி அறுந்து கிடக்கிறது. எத்தனை மாதமோ! அத்தனை நாளும் ஈரக்காலோடு போய் அந்த இரும்புப் பெட்டியைத் தொட்டிருக்கிறோம். இன்றைக்கு நினைத்தாலும் உடம்பு பதறுகிறது.

• உர மூட்டை, மருந்து டப்பாவையெல்லாம் வெளியே எடுத்து வையுங்கள். மூட்டை இடுக்கில் பாம்பு கிடக்கும். கம்பு கொண்டு தட்டிவிட்டு எடுங்கள்.

• வீட்டு லைனையும் பார்க்கப்போகிறார் என்றால் இன்வெர்ட்டர் இருப்பதைச் சொல்லுங்கள். மெயினை இறக்கினாலும் அந்த லைனில் கரண்ட் இருக்கும்.

செய்யக்கூடாதவை

• ஃபியூசுக்குத் தடிக்கம்பி கட்டியதையோ, கெப்பாசிட்டர் வைத்து டூ பேஸில் ஓட்டியதையோ மறைக்காதீர்கள். காயில் ஏன் கருகியது என்பதற்கு விடை அங்கேதான் இருக்கும்.

• ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் குளவிக்கூடு தெரிந்தாலும் நீங்கள் உள்ளே கையை விடாதீர்கள். மும்முனை இல்லாத நேரத்திலும் கம்பியில் கரண்ட் இருக்கக்கூடும்.

• கம்பம், டிரான்ஸ்பார்மர், மீட்டர் சீல் இவற்றில் கைவைக்கச் சொல்லி அவரை வற்புறுத்தாதீர்கள். அது மின்வாரியத்தின் வேலை. மின்னகம் 94987 94987-க்குச் சொல்லுங்கள்.

• இரும்பு ஏணி வேண்டவே வேண்டாம்.

• ஸ்டார்ட்டரை ஆட்டோவில் விடாதீர்கள். பேஸ் வந்ததும் தானாக ஓடும். மொபைல் ஸ்டார்ட்டர் என்றால் வெளியூரில் இருக்கும் மகன் போனிலிருந்தே மோட்டாரைப் போட்டுவிட முடியும். அவருக்கும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். மூன்று ஃபியூஸ் கட்டைகளையும் எலெக்ட்ரீஷியனே பிடுங்கட்டும். வேலை முடியும்வரை அவை அவர் சட்டைப்பையிலேயே இருக்கட்டும்.