இடுப்பு மூட்டு மாற்றியவருக்குத் தொடை எலும்பு முறிந்தால்

திருவனந்தபுரத்தில் வாழும் நம்மில் பலருக்குப் பெற்றோர் நாகர்கோவில், நெல்லைப் பக்கம் இருக்கிறார்கள். இடுப்பு மூட்டு மாற்றிக்கொண்ட பெரியவர் இங்கு வந்த இடத்தில் வழுக்கி விழுந்து தொடை எலும்பு முறிந்தால் என்ன சிகிச்சை என்று சங்கத்து அன்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு.

செயற்கை மூட்டின் உலோகத் தண்டு தொடை எலும்புக்குள் இறங்கி நிற்கிறது. அதை ஒட்டி முறிவு நேர்ந்தால், தண்டு உறுதியாக இருக்கிறதா, ஆடுகிறதா என்பதே முக்கியமான கேள்வி. கனடாவில் டங்கனும் மஸ்ரியும் 1995இல் வெளியிட்ட வான்கூவர் முறை, முறிவின் இடம், தண்டின் உறுதி, எலும்பின் தரம் மூன்றையும் பார்க்கிறது. தண்டு உறுதியாக இருந்தால் பெரும்பாலும் பிளேட், ஸ்குரூ, உலோகக் கம்பி கொண்டு எலும்பை இணைப்பார்கள். ஆடினால் அதை எடுத்துவிட்டு, முறிவைத் தாண்டி இறங்கும் நீண்ட தண்டைப் பொருத்துவார்கள். ஆடும் தண்டை அப்படியே விட்டுப் பிளேட் மட்டும் போட்டால் நிலைக்காமல் போகலாம்.

இதைத் தீர்மானிக்கப் பழைய எக்ஸ்ரேயும் டிஸ்சார்ஜ் சீட்டும் மிகவும் உதவும். அவை ஊரில் பீரோவில் இருந்தால் பயனில்லை. நகல் ஒன்றை இங்கே வையுங்கள். விழுவதற்கு முன்பே தொடையில் வலி இருந்ததா என்பதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அது தண்டு முன்பே தளர்ந்திருந்ததற்கு அறிகுறியாக இருக்கலாம்.