காரீயம்: இல்லத்தில் கவனிக்க வேண்டியவை

ரசத்துக்கு நாம் விரும்பிப் பயன்படுத்தும் ஈயச் சொம்பு சுத்தமான வெள்ளீயத்தால் ஆனதாயின் பயமில்லை. ஆனால் மலிவை உத்தேசித்துக் காரீயம் கலந்து வார்க்கப்பட்டதாயின், புளியின் அமிலத்தில் அவ்விஷம் கரைந்து, மணத்தாலோ ருசியாலோ தன்னைக் காட்டிக்கொள்ளாமல், பெரியவர்களைவிட நாலைந்து மடங்கு அதிகமாக அதைக் கிரகிக்கும் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுத்துவிடும்.

● சொம்பை வெள்ளைக் காகிதத்தில் உரசும்போது சாம்பல்நிறக் கோடு விழுந்தால் அதை ஒதுக்கிவிடுக. கோடு விழாமை மட்டுமே சுத்தத்துக்கு அத்தாட்சியாகாது என்பதால், நம்பகமான கடையில் வாங்குவதே உசிதம்.

● காரீயம் கலந்திருக்கக்கூடிய பழைய பெயின்ட் உதிரும் கதவு ஜன்னல்களை உலர்ந்தவாறே சுரண்டாமல், நீர் தெளித்துத் தேய்த்து, தூசியை ஈரத்துணியால் துடைத்தெடுக்கவும். அவ்வேளையில் கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகிருத்தலாகாது.

● புதிய பெயின்ட் டப்பாவில், 2017 நவம்பர் முதல் சட்டம் விதித்துள்ள 90 பி.பி.எம். (பத்து லட்சத்தில் 90 பங்கு) காரீய வரம்புக்கு உட்பட்டது என்ற குறிப்பு உண்டா என்று பார்க்கவும்.

● கேழ்வரகு, பால், கீரை முதலியவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்தும் இரும்புச் சத்தும் உடல் காரீயத்தை ஏற்பதைக் குறைக்கும்.

காரீயத்தில் அபாயமற்ற அளவென்று ஒன்றில்லையாதலால், சந்தேகம் எழுந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் குழந்தைக்கு ரத்தப் பரிசோதனை செய்வித்துக்கொள்ளுங்கள்.